மாடல் ராக்கெட்: உள்ளே என்னென்ன இருக்கும், நம் ஊரில் பறக்கவிட முடியுமா?

கல்லிடைக்காரி:

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு மாடல் ராக்கெட் செய்கிறேன் என்று என்னைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தெர்மாகோலில் கூம்பு, சார்ட் பேப்பரில் உடம்பு, அடியில் ஆரஞ்சு காகிதத்தில் நெருப்பு, பக்கத்தில் இஸ்ரோ என்று எழுதி வைத்துவிடலாம் என்றேன். "அதை எல்லாரும் வைப்பாங்கம்மா, எனக்கு உள்ள என்ன இருக்குன்னு வெட்டிக் காட்டணும், அப்புறம் இன்னொண்ணு நிஜமாவே பறக்கணும்" என்கிறாள்.

நான் படித்தது வணிகவியல். யூடியூபில் பார்த்தால் வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியைப் பிரித்து, ஒட்டி, சி6-5 என்று ஒரு எஞ்சினைச் சொருகிப் பறக்கவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அது இங்கே வாங்கலாமா என்று விளங்கவில்லை. தீபாவளி ராக்கெட்டுக்கு ஒரு குச்சி போதும்போது இதற்கு எதற்கு மூன்று றெக்கை? உச்சிக்குப் போனதும் பாராசூட் தானாக விரிகிறதே, அதற்கு நேரம் பார்த்துச் சொல்வது யார்? கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், நான் புரிந்துகொண்டால்தான் அவளிடம் மழுப்பாமல் பேச முடியும்.

பாளை வாத்தியார்:

அம்மா, பாராசூட்டுக்கு நேரம் பார்ப்பது யார் என்று கேட்டீர்களே, அங்கே பிடித்தால் மற்றது எல்லாம் தானாக வரும்.

அந்த எஞ்சின் ஒரு அட்டைக் குழாய்தான், 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், நம் சுண்டு விரல் அளவு. அடியில் களிமண்ணில் செய்த குறுகலான வாய். அதற்கு மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து, அதுதான் தள்ளுகிறது. அதற்கும் மேல் ஒரு தாமத மருந்து, இது தள்ளாது, மெதுவாக எரிந்து புகை மட்டும் விடும். கடைசியாகக் கொஞ்சம் வெளித்தள்ளும் மருந்து, அதை மூட ஒரு களிமண் அடைப்பு. நெருப்பு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. உந்து மருந்து தீர்ந்ததும் ராக்கெட் சும்மா மிதந்து ஏறும், அந்த நேரம் முழுக்கத் தாமத மருந்து எரிகிறது, அது தீர்கிற கணத்தில் மேல் மருந்து பற்றி, வாயு பின்பக்கம் போகாமல் முன்பக்கம் குழாய்க்குள் பாய்ந்து, மூக்குக் கூம்பையும் பாராசூட்டையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். சுவிட்சும் இல்லை, பேட்டரியும் இல்லை. மருந்தின் நீளம்தான் கடிகாரம்.

இப்போது சி6-5 எளிது. எழுத்து மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது, அதாவது தள்ளும் விசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன் விநாடி, பி என்றால் 5, சி என்றால் 10, டி என்றால் 20, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 5 தாமத விநாடிகள். 100 கிராம் ராக்கெட்டின் எடை ஏறக்குறைய 1 நியூட்டன், ஆகவே அதன் எடையைப் போல ஆறு மடங்கு விசை கிடைக்கிறது. ஐந்து மடங்குக்குக் கீழே போனால், புறப்படும்போது ராக்கெட்டைக் கோர்த்து நிறுத்துகிற ஏவுதண்டை விட்டு வெளியேறும்போது வேகம் போதாமல் தள்ளாடும் என்பது இதில் உள்ளவர்கள் வைத்திருக்கிற கணக்கு. தாமதம் பொருந்தாமல் போனாலும் வம்பு. வேகமாக ஏறும்போதே பாராசூட் விரிந்தால் இழுக்கிற கயிறு அட்டைக் குழாயைக் கத்தி போட்ட மாதிரி கிழித்துவிடும், பிந்தினால் தலைகுப்புற இறங்கும்போது விரியும், அப்போதும் அதே கதிதான்.

வெட்டிக் காட்டுகிற மாடலுக்கு உள்ளே இவை கட்டாயம் வேண்டும். எஞ்சினைக் குழாயின் நடுவில் நிறுத்தும் இரண்டு அட்டை வளையங்கள். எஞ்சின் மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் தடுக்க ஒரு தடுப்பு வளையம், ராக்கெட்டை உண்மையில் தூக்குவது அந்த வளையத்தில் படுகிற விசைதான், பிள்ளையை அதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கீழே விழாமல் பிடிக்க ஒரு உலோகக் கொக்கி. அதற்கு மேல் தீப்பிடிக்காத காகிதப் பஞ்சு, சூடான வாயு பாராசூட்டை உருக்காமல் இருக்க. அப்புறம் அதிர்ச்சி தாங்கும் கயிறு, அதாவது எலாஸ்டிக் நாடா. ஒரு முனை குழாய்க்குள், மறு முனை மூக்குக் கூம்பில், கூம்பு தனியாகப் பறந்து காணாமல் போகாதபடி.

வெளியே, பக்கவாட்டில் ஸ்ட்ரா போல ஒரு சின்னக் குழல் ஒட்டியிருப்பார்கள், ஏவுதண்டில் கோர்ப்பதற்கு. துடுப்பு, அதாவது நீங்கள் சொன்ன றெக்கை, வேலை செய்யக் காற்று வேகமாக ஓட வேண்டும், புறப்படும்போது அந்த வேகம் கிடையாது. அதனால் முதல் மூன்றடிக்கு அந்த மெல்லிய கம்பிதான் வழிகாட்டி.

மத்தாப்பு:

இவ்வளவு எதுக்கு அக்கா. சிவகாசி ராக்கெட் ஒரு பாக்கெட் வாங்கி மருந்தை எடுத்து அட்டைக் குழாயில் கெட்டிச்சா வேலை முடிஞ்சுது.

பணகுடிக்காரன்:

மத்தாப்புத் தம்பி, இந்த யோசனையை எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்கிறாயே. பட்டாசைப் பிரித்து மருந்தைக் கெட்டிப்பது எந்த நேரமும் கையிலேயே பற்றக்கூடிய வேலை. உரிமம் இல்லாமல் செய்தால் 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டத்தில் குற்றம், கண்காட்சி என்று சொன்னால் யாரும் விட மாட்டார்கள். இந்த எஞ்சின் என்ற பொருள் பரவியதே இதனால்தான். 1950-களில் அமெரிக்காவில் பையன்கள் வீட்டுக் கொல்லையில் மருந்து கெட்டித்துக் கையை இழந்துகொண்டிருந்தார்கள். வாண வேடிக்கையில் ஆர்வமுள்ள ஆர்வில் கார்லைல் என்ற செருப்புக் கடைக்காரர் ஆலையில் செய்து தரக்கூடிய ஒரு சின்ன மோட்டாரை யோசித்தார், ஏவுதளப் பாதுகாப்பில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதைக் கையில் எடுத்து, 1957-இல் அதற்கென்று சங்கமே வைத்து, விதிகள் எழுதினார்கள். மருந்தைத் தொடாமல் ராக்கெட் விடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படையே.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மோட்டாரும் வெடிபொருள்தான், தபாலில் கூரியரில் வரவழைக்கிற சாமான் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது வேண்டவும் வேண்டாம். தண்ணீர் ராக்கெட் செய்யச் சொல்லுங்கள். பொம்மை என்று முகம் சுளிக்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள். 2 லிட்டர் பாட்டிலின் வாய் உள்விட்டம் 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 60 பிஎஸ்ஐ (சைக்கிள் பம்பு மீட்டரில் காட்டுகிற அழுத்த அளவு) காற்றடைத்தால் திறந்த முதல் கணத்தில் உந்துவிசை 300 நியூட்டனை ஒட்டி வரும். வாத்தியார் சொன்ன சி6 உச்சத்தில்கூட 15 நியூட்டனை ஒட்டித்தான் வரும். ஆனால் சி6 இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எரியும், இங்கே 650 மில்லி தண்ணீர் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் காலி. மொத்தமாகப் பெருக்கினால் 15 நியூட்டன் விநாடிக்குப் பக்கம், அதாவது டி வகுப்பு.

எங்கள் ஊர்ப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் விகாஸ் என்ற திரவ எரிபொருள் எஞ்சினையும், கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினையும் சோதிக்கிறார்கள். அங்கேயும் ஒரு தொட்டியில் திரவம், அதை அழுத்தம் கொடுத்துக் குறுகலான வாய் வழியாகப் பின்னால் அடிப்பது என்பதுதான் சங்கதி, நடுவில் எரிதலும் பம்பும் சேர்கிறது. உங்கள் பாட்டிலில் எரிதல் இல்லை. அழுத்திய காற்று சக்தி தருகிறது, தண்ணீர் எடை தருகிறது. வெறும் காற்று மட்டும் அடைத்து விட்டுப் பாருங்கள், தண்ணீர் ஊற்றியதைவிட ரொம்பக் குறைந்த உயரத்திலேயே துவண்டு விழும். பிள்ளை இரண்டையும் அடுத்தடுத்து விட்டுக் காட்டினால் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வேறு சார்ட் வேண்டாம்.

கல்லிடைக்காரி:

மிக்க நன்றி அண்ணாச்சி, சார். மகளிடம் வாசித்துக் காட்டினேன், டி வகுப்பு என்றதும் துள்ளுகிறாள். தண்ணீர் ராக்கெட்டே செய்கிறோம், வெட்டு மாடல் மட்டும் சி6 வகையில் அட்டையில் செய்து வைக்கிறோம். அந்தக் குச்சிக்கு இன்னும் பதில் வரவில்லை! அப்புறம் எந்த பாட்டில், எதில் றெக்கை, எதை வைத்து ஒட்ட?

பேட்டைத் தம்பி:

அக்கா, பாட்டிலில் மட்டும் ரொம்பக் கறாராக இருங்க. பவண்டோ மாதிரி காஸ் உள்ள குளிர்பான பாட்டில்தான் வேண்டும், தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது, அது அழுத்தம் தாங்கவென்று செய்ததில்லை. கீறல் விழுந்தது, வெயிலில் கிடந்தது, மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தது எல்லாம் குப்பைக்கு. பாட்டில் மேல் சூடான பசைத் துப்பாக்கியை வைக்காதீங்க, சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பலம் போய்விடும், ஃபெவிக்விக்கும் வேண்டாம், அது பட்ட இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பாட்டிலுக்கு மேலே இன்னொரு பாட்டிலை வெட்டிச் சட்டை மாதிரி மாட்டி, துடுப்பை அந்தச் சட்டையில் ஒட்டினால் அழுத்தம் தாங்குகிற பாட்டிலை யாரும் சூடாக்க வேண்டியதில்லை. துடுப்பு பழுதானால் சட்டையை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

துடுப்புக்கு பிளக்ஸ் அடிக்கிற கடையில் சன்பேக் ஷீட் (உள்ளே கூடான பிளாஸ்டிக் அட்டை) துண்டு சும்மாவே கொடுப்பார்கள். மூன்றை ஒட்ட பாட்டிலைச் சுற்றி ஒரு காகிதத்தை வைத்து, அதை எடுத்து மூன்றாக மடித்து, அந்த மடிப்புக் கோட்டில் ஒட்டுங்க, கண் மதிப்பில் ஒட்டினால் ஒரு பக்கம் இழுக்கும். நேராக நிற்கிறதா என்று பாட்டிலின் வாய்ப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். உலோகத் தகடு எதிலும் வேண்டாம். மூக்குக்குப் பழைய டென்னிஸ் பந்து பாதி, இல்லை பஞ்சு வைத்த காகிதக் கூம்பு. கூர்மையாக இருந்தால்தான் ராக்கெட் என்று நினைக்காதீங்க, இந்த வேகத்துக்கு உருண்டையே நல்லாப் போகும், யார் மேலாவது பட்டாலும் குத்தாது.

ஏவுமேடைக்கு எளிய வழி ரப்பர் கார்க்கில் சைக்கிள் டியூப் வால்வைக் கோர்த்து வாயில் இறுக்கி அடிப்பது. ஆனால் கார்க் எந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொள்ளும் என்று அதற்கே தெரியாது. அதைவிட நல்லது, பிவிசி குழாயில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மாட்டி, சுற்றிக் கேபிள் டை தலைகள் பாட்டில் கழுத்து விளிம்பைப் பிடிக்கிற மாதிரி வைத்து, மேலே ஒரு வளையத்தைப் போட்டு, கயிற்றை இழுத்தால் வளையம் இறங்கி விடுபடும். மீட்டர் வைத்த சைக்கிள் பம்பு வாங்கிக்கோங்க. 60-க்கு மேல் போகவே வேண்டாம். நீளமான ஹோஸ் போட்டுத் தள்ளி நின்று அடிக்கணும், கண்ணாடி போடணும், காற்று ஏறின பாட்டிலுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. இது மட்டும் பிள்ளையிடம் ரெண்டு வாட்டி சொல்லுங்க.

பாளை வாத்தியார்:

குச்சிக்கு வருகிறேன், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

எந்த ராக்கெட்டுக்கும் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று ஈர்ப்பு மையம், நூலில் கட்டித் தூக்கினால் சமனாக நிற்கும் இடம். மற்றது அழுத்த மையம், பக்கவாட்டில் காற்று அடிக்கிற விசை எல்லாம் சேர்ந்து வேலை செய்கிற இடம். ராக்கெட் சற்றே சாய்ந்தால் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால் காற்று வாலைப் பிடித்துத் தள்ளி மறுபடி நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் அந்தச் சாய்வை இன்னும் பெரிதாக்கி, கரணம் போட வைக்கும். அவ்வளவுதான் முழு ரகசியமும். துடுப்பு வைப்பது வாலில் பரப்பைக் கூட்டி அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்க. தீபாவளி ராக்கெட்டின் குச்சியும் இதையேதான் செய்கிறது, மெலிசாக இருந்தாலும் நீளமாக இருப்பதால். குச்சியை ஒடித்துவிட்டுப் பற்றவைத்த ராக்கெட் தெருவில் என்ன ஆட்டம் ஆடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? உடலின் ஒரு விட்டம் அளவாவது ஈர்ப்பு மையம் முன்னே இருக்க வேண்டும். 2 லிட்டர் பாட்டில் என்றால் பத்து, பதினொரு சென்டிமீட்டர். அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க 1966-இல் ஜேம்ஸ் பாரோமன் எழுதிய சமன்பாடுகள் இருக்கின்றன, எட்டாம் வகுப்புக்கு அது வேண்டாம். ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அதே அளவில் அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை ஸ்கேல் விளிம்பில் எங்கே சமனாக நிற்கிறது என்று பார்த்தால் போதும். உண்மையான இடத்தைவிட இது கொஞ்சம் முன்னால்தான் காட்டும், ஆகவே இதில் தேறினால் வானத்திலும் தேறும். கண்காட்சியில் இந்த அட்டையையும் பக்கத்தில் வைக்கட்டும், நடுவராக வருகிறவர் இயற்பியல்காரர் என்றால் அங்கேயே நின்றுவிடுவார்.

ஈர்ப்பு மையம் பார்க்கும்போது தண்ணீர் இல்லாமல் பாருங்கள். தண்ணீர் அடியில் கிடப்பதால் புறப்படும்போது மையம் பின்னே இருக்கும்தான், ஆனால் அது கண் இமைக்கிற நேரம், அதற்குப் பிறகு ஏறுவது முழுக்கக் காலி பாட்டில். காலி பாட்டில் ரொம்ப லேசு, அதனால் துடுப்பை ஒட்டியதுமே மையம் வாலுக்கு ஓடிவிடும். மூக்கில் களிமண் உருண்டை வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எடை கூடினால் உயரம் குறையுமே என்று பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். காலி பாட்டிலுக்குக் கொஞ்சம் எடை நல்லது, காற்று அதைச் சீக்கிரம் நிறுத்திவிடாது. கடைசியாக, ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்கட்டும், மூக்கு முன்னே போனால் சரி.

பணகுடிக்காரன்:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று. பெரிய ராக்கெட்டில் துடுப்பை நம்புவதில்லை, எஞ்சினையே அசைத்துத் திசை திருப்புகிறார்கள், விகாஸ் அப்படித்தான். ஆனால் ரோகிணி ஆர்எச்-200 ஆராய்ச்சி ராக்கெட் இன்றும் துடுப்பை மட்டும் நம்பித்தான் போகிறது, வழிநடத்தும் கருவி கிடையாது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளில் அங்கிருந்து போனது அதுதான். பிள்ளை சார்ட்டில் ராக்கெட் படம் போடுவதென்றால் இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3 போடாமல் இதைப் போடட்டும், அவள் செய்கிற சாமானுக்கு நெருங்கின உறவு இதுதான்.

வள்ளியூர் காத்து:

எல்லாரும் ராக்கெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் ஆளையே தள்ளும். துடுப்புள்ள ராக்கெட் காற்று வருகிற பக்கம் மூக்கைத் திருப்பும், துடுப்பு பெரிதாகப் பெரிதாக இன்னும் அதிகமாகத் திருப்பும். அதனால் றெக்கையைப் பெரிசாக வைத்தால் நல்லது என்று அள்ளி வைக்க வேண்டாம். அமெரிக்கச் சங்க விதியிலேயே மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று அடித்தால் விடக் கூடாது என்று இருக்கிறது.

இறங்குவது இன்னும் மோசம். 150 கிராம் பாட்டிலுக்கு 60 சென்டிமீட்டர் பாராசூட் போட்டால் விநாடிக்கு மூன்று மீட்டர் சொச்சத்தில் இறங்கும். 40 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரப் பன்னிரண்டு விநாடி ஆகும். காற்று விநாடிக்கு 5 மீட்டர் இருந்தால், அது நமக்குச் சும்மா வீசுகிற காற்று, 60 மீட்டர் தள்ளிப் போய் விழும். பாராசூட் நடுவில் ஒரு ஓட்டை போட்டால் ஆடாமல் இறங்கும், கொஞ்சம் வேகமாகவும் இறங்கும். கல்லிடை, அம்பைப் பக்கம் பிசான நெல் அறுத்த வயல் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, விடியற்காலையில் விடுங்கள். தண்ணீர் வற்றின குளத்துக்குள் போனால் உடைமரம் இல்லாத பக்கம் பாருங்கள், பாராசூட் முள்ளில் மாட்டினால் எடுக்கிறவன் கை கிழியும். கரண்டு கம்பியில் மாட்டினால் எடுக்கவே போகாதீர்கள், இன்னொன்று செய்துகொள்ளலாம். அப்புறம் கூடங்குளம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் விட வேண்டாம்.

கல்லிடைக்காரி:

வயல் இருக்கிறது, சித்தப்பா வயல், கேட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். தண்ணீர் ராக்கெட்டில் வெளித்தள்ளும் மருந்து இல்லையே, அப்போது பாராசூட் எப்படி வெளியே வரும்?

பேட்டைத் தம்பி:

மூக்குக் கூம்பை ஒட்டாமல் தொப்பி மாதிரி லூசாக உட்கார வைங்க அக்கா. ஏறும்போது காற்று அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் வேகம் தீர்ந்து ராக்கெட் கவிழும்போது தொப்பி தானே கழன்று, நூலோடு பாராசூட்டை இழுத்துக்கொண்டு வரும். எல்லா முறையும் வராது, சில சமயம் தொப்பியோடே நேராக இறங்கும், அதனால்தான் மூக்கு உருண்டையாக இருக்கட்டும் என்றது, விடும்போது எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கணும். பாராசூட்டுக்குப் பெரிய குப்பைப் பை நல்லது, எட்டு மூலையாக வெட்டி, மூலைக்கு ஒரு செல்லோ டேப் ஒட்டி, அதில் ஓட்டை போட்டுத் தையல் நூல் கட்டுங்க, டேப் இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே கிழியும். எலாஸ்டிக் நாடா டவுன் ரத வீதியில் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மடித்து வைக்கும் முன் கொஞ்சம் முகப் பவுடர் தூவுங்க, பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டாது. மடித்தபின் நூலை மேலே சுற்றி இறுக்கிவிடாதீங்க, அப்படிச் சுற்றினது விரியாது. நேரம் இருந்தால் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்வாங்க. ஏவுமேடைக் கேபிள் டை அளவு வேண்டும் என்றால் கேளுங்க, படம் போட்டு அனுப்புகிறேன்.